லாட்டிமருக்குப் போன கல்யாணப் படம்

என் தங்கை லிடியாவை டெல்மர் ஹோன்ஸ்டைன் நாலு தடவை பெண் கேட்டான். மூன்று தடவை முடியாது என்றாள். நாலாவது தடவை, அடுப்பிலிருந்து கோஸும் கறியும் வைத்த ரொட்டியை எடுத்துக்கொண்டே, சரி என்றாள். எங்கள் ஃபுட்பாலில் பந்தைக் கையில் வைத்திருக்கிற பக்கத்துக்கு நாலே வாய்ப்பு. அதற்குள் பத்து கெஜம் முன்னேறாவிட்டால் பந்தை எதிராளியிடம் கொடுத்துவிட்டு நகரவேண்டியதுதான். "நாலாவதுலயும் மாட்டேன்னிருந்தா, பந்த உங்கப்பா கையில குடுத்துட்டு வீட்டுக்குப் போயிருப்பேன் மச்சான்" என்று கல்யாணத்தன்றே என்னிடம் சொன்னான். லிடியாவுக்கு அது காதில் விழுந்துவிட்டது. அவன் செத்த வருஷம்வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

தங்கை புருஷன் ஆவதற்கு முன்னாலேயே அவன் எங்களுக்கு உறவுதான். அவனுடைய அப்பாவைப் பெற்றவளும் எங்கள் அம்மாவைப் பெற்றவளும் ருஷ்யாவில் வோல்கா ஆற்றங்கரையில் ஒரே ஊர், நெப்ராஸ்காவுக்கு வந்தது ஒரே கப்பல். கப்பலில் ஒரு போர்வைக்காக இரண்டு பேரும் போட்ட சண்டை எங்கள் தலைமுறைவரை ஆறவில்லை. டெல்மர் குள்ளம். அகலம் மட்டும் தாராளம். எங்கள் ஊர் ஹார்னர் பள்ளிக்கூடத்தில் சரித்திரமும் கார் ஓட்டுவதும் சொல்லிக்கொடுத்தான். சம்பளம் அதற்கு. ஆனால் ஊர் அவனை வைத்திருந்தது ஃபுட்பாலுக்கு. ஊரில் பாதிப்பேர் அவன் கையில்தான் கார் கற்றோம். இன்றைக்கும் ஹார்னர்க்காரர்கள் முச்சந்தியில் வண்டியை நிறுத்திவிட்டு வலது பக்கம் ஒருமுறை, இடது பக்கம் இரண்டுமுறை பார்ப்போம். "இடது பக்கத்துலேருந்துதான்டா மோதுவானுங்க" என்பான்.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தால் உப்புக் குப்பியும் மிளகுக் குப்பியும் அவனுக்கு ஆட்கள். முட்கரண்டிகளை வரிசையாக நிறுத்தி, உருளைக்கிழங்கைச் சுற்றி மிளகை ஓடவிடுவான்.

"அந்த மிளக எனக்குக் குடுக்கறியா, இல்ல அது இன்னும் ஆடிட்டு இருக்கா?" என்று லிடியா கேட்பாள். சந்தோஷமாக இருந்தால் அவனை டெல் என்பாள். கோபம் வந்தால் கோச்சு.

அறுபத்து நாலாம் வருஷம் இலையுதிர் காலத்தில் அவனுக்கு ஒரு கடிதம் வந்தது. ஆற்றோடு கிழக்கே நூற்றைம்பது மைல் போனால் ஒரு கல்லூரி. அங்கே தலைமைக் கோச்சு வேலை காலியாகப் போகிறது. எங்களுக்கும் லாட்டிமர் ஊருக்கும் நடக்கிற கடைசி ஆட்டத்தைப் பார்க்க ஆள் அனுப்புகிறோம் என்று எழுதியிருந்தார்கள். டெல்மர் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான். இரண்டு தடவை துணியோடு துவைக்கப் போட்டு எடுத்தாள் லிடியா.

அந்தக் கல்லூரியில்தான் அவன் படித்தான். இரண்டு வருஷம் அங்கே ஃபுட்பால் சட்டை போட்டான். அந்த இரண்டு வருஷமும் மைதானத்து ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஒரு நிமிஷம்கூட அவனை உள்ளே அனுப்பவில்லை. குள்ளம் என்றார்கள். சட்டை கடைசிவரை அழுக்காகவே இல்லை என்று அவன் அம்மா எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வாள். அவன் எழுந்து வெளியே போய்விடுவான். அந்தக் கல்லூரிக்கு அவன் திரும்பிப் போகவேண்டும். வேறு எந்தக் கல்லூரி கூப்பிட்டிருந்தாலும் சிரித்துவிட்டு இருந்திருப்பான்.

இப்போது என் பங்கைச் சொல்லவேண்டும். நான் முடிவெட்டுகிறவன். எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் ஏணி ஏறப் பயமில்லை. அதனால் ஹார்னர் ஆட்டங்களைப் படம் பிடிக்கிற வேலை எனக்கு வந்தது. மைதானத்தில் பலகைக் கொட்டகைக்கு மேலே ஏறி நின்று, சாவி கொடுக்கிற காமிராவில் பிடிப்பேன். ஃபிலிம் விலை அதிகம் என்பதால் டெல்மர் ஒரு சட்டம் வைத்திருந்தான். ஆட்கள் வரிசையில் நின்றதும் பொத்தானை அழுத்து. பந்து வைத்திருக்கிறவனைப் பிடித்து அமுக்கியதும் விடு. பத்து வருஷம் இப்படிச் செய்து என் விரலுக்கு அது தானாக வந்துவிட்டது.

நவம்பரில் சர்க்கரை பீட்ரூட் அறுவடை முடிந்த கையோடு என் சித்தப்பா மகள் எல்டாவுக்கும் ஷ்லாகல் வீட்டு மூத்தவனுக்கும் கல்யாணம். "அண்ணன்கிட்ட காமிரா இருக்கே" என்றார் சித்தப்பா. நான் கோயிலிலும், கல்யாண நடனம் நடந்த கொட்டகையிலும் ஏணி போட்டு மேலேயிருந்து பிடித்தேன். எனக்குத் தெரிந்த முறையில் பிடித்தேன். பாதிரியார் முன்னால் வரிசையாக நின்றார்கள், அழுத்தினேன். மாப்பிள்ளை பெண்ணைக் கட்டிப்பிடித்தான். ஆளைப் பிடித்தாயிற்று என்று விரல் விட்டுவிட்டது. முத்தம் படத்தில் இல்லை.

அந்தப் படமும், அடுத்த வெள்ளிக்கிழமை ஆட்டத்தின் படமும் டென்வரில் கழுவி ஒரே பொட்டலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வந்தன. இரண்டு தகர டப்பா. இரண்டிலும் ஹார்னர் என்று மட்டும் எழுதியிருந்தது.

எங்கள் பக்கத்துக் கோச்சுகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை மோதப்போகிறவர்கள் அதற்கு முந்தின ஞாயிறு காலையில், இரண்டு ஊருக்கும் நடுவில் சந்தித்து, தங்கள் கடைசி ஆட்டத்தின் படத்தை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள். என் பலவீனத்தை நீ பார், உன்னுடையதை நான் பார்க்கிறேன். கையெழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. ஒரு ஊர்க்காரன் கொடுக்காமல் ஏமாற்றினான் என்றால் எங்கள் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அவனுக்கு யாரும் பெட்ரோல்கூடப் போடமாட்டார்கள்.

லாட்டிமர் கோச்சு ஓரின் கில்பட்ரிக். ஒட்டடைக்கம்பு மாதிரி உயரம். அவனும் டெல்மரும் பதிமூன்று வருஷமாக எதிரிகள். சாலை பிரிகிற இடத்துப் பெட்ரோல் கடையில் வண்டியை விட்டு இறங்காமலே ஜன்னல் வழியாக டப்பாவை மாற்றிக்கொண்டார்கள்.

"பத்திரமா வச்சுக்கய்யா ஹோன்ஸ்டைன். தோக்குறதுக்கு முன்னாடி கடைசியா பாக்குற படம்."

"உன் உயரத்துக்கு வெள்ளிக்கிழம காத்து பலமா அடிக்கும், கல்ல கட்டிக்கிட்டு வா."

நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பொட்டலத்திலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தது நான்தான்.

கோயில் முடிந்ததும் டெல்மர் என் கடைப் பின்னறையில் லாட்டிமர் படத்தைப் போட்டான். மூன்றாவது தடவை ஓடும்போது நாற்காலியிலிருந்து குதித்தான்.

"மச்சான்! நிறுத்து, நிறுத்து. அந்த நாப்பத்தி நாலாம் நம்பர் காலப் பாரு."

"கால்ல என்ன? ரெண்டு இருக்கு."

"குனிஞ்சு நிக்கிறான் பாரு. எந்தப் பக்கம் ஓடப் போறானோ அந்தப் பக்கத்துக் கட்டைவிரல முன்னாடியே திருப்பிர்றான். ஒவ்வொரு தடவையும்! இவன் பூட்ஸ் நமக்குக் கடுதாசி போடுதுய்யா!"

நாற்பத்து நாலு லாட்டிமரின் உயிர். அவன் எங்கே ஓடுவான் என்று முன்னாலேயே தெரிந்தால் பாதி ஜெயித்த மாதிரி. டெல்மர் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டான். கடிதம் இருந்தது.

மூன்று மணிக்குக் கல்யாணப் படம் பார்க்க இரண்டு குடும்பமும் என் வீட்டுக் கூடத்தில் கூடியது. வெள்ளை விரிப்பு கட்டியிருந்தோம். சித்தி கைக்குட்டையை முன்கூட்டியே கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். விளக்கை அணைத்தேன். விரிப்பில் இருபத்திரண்டு பேர் சேற்றில் குனிந்து நின்றார்கள்.

சித்தப்பா எழுந்து விரிப்புக்குப் பக்கத்தில் போய், "எல்டா இதுல எங்க?" என்றார்.

லிடியாவுக்குத்தான் முதலில் புரிந்தது. சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கோச்சு, உன் எதிரி இப்ப எங்க சித்தி போட்ட தொப்பியப் பாத்துட்டு இருக்கான்!"

டெல்மர் சிரிக்கவில்லை. மேஜைக்குப் போய் உப்புக் குப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். எங்கள் படம் லாட்டிமரிடம் இல்லை. அவர்கள் படம் எங்களிடம் இருக்கிறது, கட்டைவிரலோடு.

"நாம ஒளிச்சா வச்சோம்? குடுத்தோம். அவன் வாங்கிக்கிட்டான்" என்றார் சித்தப்பா. அவர் பள்ளிக்கூடக் கமிட்டியில் இருந்தார்.

"அவனே கேட்டு வரட்டும். அதுவரைக்கும் நமக்குத் தெரியாது" என்றேன் நான். தப்புச் செய்தவன் நான் என்பதால் என் குரல்தான் ரொம்பச் சத்தமாக இருந்தது.

லிடியா மிளகுக் குப்பியைத் தூக்கி அவன் எதிரில் வைத்தாள். "எனக்கு அந்தக் கல்லூரி ஊரு வேணும் டெல். இங்க என் அடுப்படி ஜன்னல் இந்த வருஷம் மூணு தடவ பந்துபட்டு ஒடஞ்சிருக்கு. ஆனா ஓரின் எங்க சித்தியோட தொப்பிய மட்டும் பாத்துட்டு வந்து ஆடி, அதனால நீ ஜெயிச்சேன்னா, அத நான் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவேன். நான் சொல்லிக் காட்டுறது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியும்."

அவனுக்கு நன்றாகத் தெரியும். எழுந்து தொப்பியை மாட்டினான். "வண்டிய எடு மச்சான்."

லாட்டிமர் நாற்பது மைல். போய்க் கதவைத் தட்டியபோது ஓரின் கழுத்தில் சாப்பாட்டுத் துணியோடு வந்தான். உள்ளே சுவரில் எங்கள் எல்டா பாதிரியார் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"வாய்யா, வா. இது மூணாவது ஓட்டம்" என்றான் ஓரின். "முதல்ல நீ என்ன நக்கல் பண்ணுறேன்னு நெனச்சேன். ரெண்டாவது ஓட்டத்துல பிடிச்சுப் போச்சு. உக்காருங்க, என் பொண்டாட்டி அந்தப் பொண்ணு கவுனுக்காக இன்னொரு தரம் போடச் சொல்றா."

மேஜைமேல் ஒரு காகிதம் முழுக்க, கோச்சுகள் ஆட்களைக் குறிக்கப் போடுகிற வட்டமும் பெருக்கல் குறியும். எங்கள் உறவு மொத்தத்துக்கும் அவன் நம்பர் போட்டு வைத்திருந்தான்.

"இந்த ஏழாம் நம்பர் யாரு? பெரிய தொப்பி."

"என் சித்தி" என்றேன்.

"அந்த டல்சிமர் கம்பி வாத்தியத்த வாசிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஆடக் கிளம்பிர்றாங்க. நாலு தடவை. ஃபுட்பால்ல இப்படி முந்திக் கிளம்பினா அஞ்சு கெஜம் பின்னாடி தள்ளிருவாங்க. பன்னெண்டாம் நம்பர் ஒருத்தர் ஆடவே இல்ல, சாப்பாட்டு மேஜையிலேயே காவல்."

"அது சித்தப்பா."

"நல்ல தடுப்பு. ஒருத்தர்கூட அவரத் தாண்டிப் போகல."

டெல்மர் எங்கள் ஆட்ட டப்பாவை மேஜைமேல் வைத்தான். "தப்பாயிடுச்சு கில்பட்ரிக். இதுதான் உன்னோடது."

ஓரின் டப்பாவைப் பார்த்தான், டெல்மரைப் பார்த்தான், கழுத்துத் துணியை எடுத்து மடித்து வைத்தான். அப்புறம் படத்தைப் பின்னால் ஓட்டி ஓர் இடத்தில் நிறுத்தினான். கொட்டகையில் எல்லாரும் ஜோடி ஜோடியாகச் சுழன்று ஆடுகிற இடம். எங்கள் ஆட்டத்தில் ஒரு சுற்று வலது பக்கம் திரும்பினால் அடுத்தது இடது பக்கம். பச்சைக் குழந்தைகூட அப்படித்தான் ஆடும்.

"இந்தப் பெரிய பையன் யாரு?"

"ரூபன் ஷ்லாகல். மாப்பிள்ளையோட தம்பி. உனக்குத் தெரியுமே, என்னோட முப்பத்தி மூணு."

"தெரியும். ஆறு பாட்டு ஆடுறான். ஒரு தடவகூட இடது பக்கம் திரும்பல. ஜோடிப் பொண்ணு இழுக்குது, இவன் கல்லு மாதிரி நிக்கிறான். இவனுக்கு இடது முட்டி போயிருச்சுய்யா."

டெல்மர் சுவருக்குப் பக்கத்தில் போய் மூக்கு படுகிற மாதிரி நின்று பார்த்தான். எங்கள் டீமில் ஆட்களை இடித்துக்கொண்டு ஓடுகிறவன் ரூபன் ஒருத்தன்தான். முட்டி விஷயம் யாருக்கும் தெரியாது. அவன் யாரிடமும் சொல்லவில்லை.

"நான் வாய மூடிட்டு இருந்திருக்கலாம்" என்றான் ஓரின். "ரெண்டு பசங்கள அந்த முட்டிக்கு நேரா அனுப்பியிருக்கலாம். மதியத்துலேருந்து அதத்தான் யோசிச்சிட்டு இருந்தேன். நீ இந்த டப்பாவத் தூக்கிட்டு வராம இருந்திருந்தா அனுப்பியிருப்பேனோ என்னவோ. கெடுத்துட்டேய்யா."

டெல்மர் கதவுவரை போய்விட்டான். கைப்பிடியைப் பிடித்தவன் திரும்பினான். "உன் நாப்பத்தி நாலு" என்றான், வாயில் பல் பிடுங்குகிற மாதிரி. "கட்டைவிரல். ஓடப் போற பக்கம் திரும்புது."

ஓரினுடைய மனைவி உள்ளேயிருந்து, "ரெண்டு பேரும் சேந்து ஒரே டீமா ஆடிட்டுப் போங்களேன், எங்களுக்கு ஞாயித்துக்கெழமை மிச்சமாகும்" என்றாள்.

திரும்புகிற வழியில் டெல்மர் வண்டியை ஓட்டினான். நான் கல்யாண டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை ரூபனைப் பள்ளிக்கூடக் கூடத்துக்கு வரச்சொன்னான். லிடியாவையும், பாட்டு வாசிக்க என் அக்கார்டியனையும் வரச்சொன்னான்.

"ஆடு" என்றான்.

"கோச், இங்கயா? அத்தைகூடவா?"

"அத்தை கடிக்கமாட்டா. ஆடு. இடது பக்கம் திரும்பு."

ரூபன் வலது பக்கம் திரும்பினான். லிடியா இடது பக்கம் இழுத்தாள். அவ்வளவு பெரிய பையன், உதட்டைக் கடித்துக்கொண்டு அவள் தோளைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எத்தன நாளா?"

"மூணு வாரமா, கோச். ஒரு ஆட்டம்தான் பாக்கி. கட்டுப் போட்டா ஓடுவேன். அந்தக் கல்லூரிக்காரர் வர்றாராமே. நீங்க அங்க போகணும்னு ஊருக்கே தெரியும்."

டெல்மர் விசிலை வாயில் வைத்தான், எடுத்தான், திரும்ப வைத்தான். ரூபன் இல்லாமல் லாட்டிமரை ஜெயிக்கமுடியாது. அது எனக்கே தெரியும்.

"டாக்டர் வர்ற வரைக்கும் அசையாத" என்றான்.

டாக்டர் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு மோதல், ஆயுசுக்கும் நொண்டி என்றார்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் என் கடையில் முடிவெட்ட வந்தவர்களுக்கு இதே பேச்சு. "ஊசி போட்டு ஒரு மணி நேரம் வலிய நிறுத்தினா என்ன?" என்றான் ஒருவன். அவனுக்குக் காதோரம் கொஞ்சம் அதிகமாகவே எடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. தேதி பதிமூன்று. நான் கொட்டகை உச்சியில் நின்றேன். கீழே கல்லூரிக்காரர், சாம்பல் நிறத் தொப்பி, நடு வரிசையில் உட்கார்ந்திருந்தார். மைதானத்து ஓரத்தில் ரூபன் டெல்மருடைய கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கோட்டின் கை அவனுக்கு முழங்கைவரைதான் வந்தது.

லாட்டிமர் நாற்பத்து நாலுக்கு ஓரின் வாரம் முழுக்கக் கட்டைவிரல் பாடம் நடத்தியிருக்கிறான். பாவம், அவன் பந்தை மறந்துவிட்டுத் தன் காலையே பார்த்துக்கொண்டு ஓடினான். இரண்டு தடவை தன் காலே தடுக்கி விழுந்தான். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. ஆனாலும் மூன்றாவது பகுதியில் அவன் காலை மறந்து ஒரு ஓட்டம் ஓடினான். எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி, பிறகு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்தால் இன்னொன்று. லாட்டிமர் ஏழு. எங்களுக்கு ஆறுதான் கிடைத்தது. ஏழாவதுக்கு உதைத்த பந்து கம்பத்தில் பட்டு, யோசித்துவிட்டு, வெளியே விழுந்தது.

கடைசி நிமிஷம், எல்லைக்கோட்டைத் தாண்ட ஒரு கெஜம் தேவை. நாலாவது வாய்ப்பு. ரூபன் கோட்டைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றான். கூட்டம் முழுக்க, "முப்பத்தி மூணு! முப்பத்தி மூணு!" என்று கத்தியது. சித்தப்பா ரொம்பவே கத்தினார். டெல்மர் திரும்பிப் பார்த்தான். சாம்பல் தொப்பியையும் பார்த்தான், நான் மேலேயிருந்து பார்த்தேன். அப்புறம் ரூபனிடம் போய்க் கோட்டைத் திரும்ப மாட்டிவிட்டு, குழந்தைக்குப் போடுகிற மாதிரி மூன்று பொத்தானையும் போட்டுவிட்டான்.

அந்த ஒரு கெஜம் கிடைக்கவில்லை.

ஆட்டம் முடிந்து கல்லூரிக்காரர் கீழே வந்தார். நானும் ஏணியிலிருந்து இறங்கிவிட்டேன்.

"அந்தப் பெரிய பையன் ஏன் கோட்டுக்குள்ளேயே இருந்தான்?"

"அவனுக்கு இடது பக்கம் ஆட வரலீங்க" என்றான் டெல்மர்.

அவர் அவனைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, குளிர் அதிகம் என்று ஏதோ சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். டெல்மர் சட்டைப் பையில் கைவிட்டுக் கடிதத்தை எடுத்தான். துவைத்துத் துவைத்து அது கஞ்சி மாதிரி ஆகியிருந்தது.

கல்லூரி வேலை ஓரின் கில்பட்ரிக்குக்குப் போனது. பிப்ரவரியில் செய்தி வந்தது. லிடியா அன்றைக்கு எதையும் சொல்லிக் காட்டவில்லை. அதுவே டெல்மருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மிளகுக் குப்பி அசையாமல் நின்றது.

மார்ச்சில் டெலிபோன் அடித்தது. நான் அங்கேதான் இருந்தேன். லிடியா எடுத்தாள்.

"ஓரின் கில்பட்ரிக் பேசுறேன். அந்தக் குள்ளன் இருக்கானா?"

"இருக்கார். எதுக்கு, இன்னொரு கல்யாணப் படம் எதுவும் அங்க வந்துடலையே?"

"அம்மா, எனக்குக் கீழ ஒரு ஆள் வேணும். அவன் இருந்தாத்தான் வருவேன்னு கல்லூரிக்காரங்ககிட்ட சொல்லிட்டேன். உங்க ஜன்னல் கதை லாட்டிமர்வரைக்கும் வந்தாச்சு, பந்து படாத வீடு ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். எனக்குக் கீழ வேலை பாக்க அவனுக்குக் கௌரவக் குறைச்சலா இருக்குமோ?"

லிடியா டெலிபோனைக் கையால் பொத்திக்கொண்டாள். "டெல், கௌரவக் குறைச்சலான்னு கேக்குறான்."

"அவன் என்ன உயரம்? யாரா இருந்தாலும் அவனுக்குக் கீழதான்" என்றான் டெல்மர். அதற்குள் எழுந்து தொப்பியைத் தேட ஆரம்பித்துவிட்டான், கல்லூரி தெருமுனையில் இருக்கிற மாதிரி.

பதினோரு வருஷம் இரண்டு பேரும் சேர்ந்து நடத்தினார்கள். ஓரின் ஓய்வெடுத்த பிறகு ஒன்பது வருஷம் டெல்மரே தலைமை. ஜெயித்ததைவிடத் தோற்றது கொஞ்சம் அதிகம் என்று நினைக்கிறேன். ரூபனுக்கு முட்டி ஆறிற்று. அவனே கல்யாணம் செய்துகொண்டு, அந்தக் கல்யாணத்தில் லிடியாவை இழுத்து வந்து இடது பக்கமாகவே பத்துச் சுற்று ஆடினான், அவள் தலைசுற்றிப் போதும் போதும் என்கிறவரை. எல்டா கல்யாண நாளுக்கு வருஷாவருஷம் அந்தப் படம் ஓடும். ஓரின் குடும்பத்தோடு வந்து, எந்த அத்தை எப்போது எந்தப் பக்கம் நகர்வாள் என்று முன்னாலேயே சொல்லுவான். முத்தம் வருகிற இடத்தில் படம் நின்றுபோகும். டெல்மர் விசில் ஊதுவான்.

கல்லூரிக்குப் போன முதல் நாள் நானும் சாமான் இறக்கக் கூடப் போயிருந்தேன். மைதானத்து ஓரத்தில் அந்தப் பழைய பெஞ்சு அப்படியே இருந்தது. டெல்மர் அதன் முனையில், தன் பழைய இடத்தில், கையை வைத்துப் பார்த்தான்.

"உக்காருய்யா, களைச்சிருப்பே" என்றான் ஓரின்.

"உக்காந்தாச்சு" என்றான் டெல்மர்.

அடுத்த இருபது வருஷமும் அவன் நின்றுகொண்டேதான் இருந்தான். ஆனால் பையன்கள் யாரையும் பெஞ்சில் காய விடமாட்டான். பருவத்தின் கடைசி ஆட்டத்தில், ஜெயித்துக்கொண்டிருந்தாலும் தோற்றுக்கொண்டிருந்தாலும், அதுவரை உள்ளே போகாத ஒவ்வொருவனையும் ஒரு தடவையாவது அனுப்பிவிடுவான். அதனால் மூன்று ஆட்டம் கைவிட்டுப் போயிருக்கிறது என்று கல்லூரிக்காரர்கள் கணக்குச் சொல்வார்கள். லிடியா மைதானத்து வாசலில் நின்று, வெளியே வருகிற பையன்களின் சட்டைகளைப் பார்ப்பாள்.

"எல்லாம் அழுக்கா டெல்?"

"எல்லாம் அழுக்கு" என்பான்.